காவல்கிருமியும் காக்கா கடியும்

இசக்கி கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எட்டாம் வகுப்பில். அப்போது முன்பற்கள் இரண்டின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடுதான் இருந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் கோடு குழியாகி, குழி கறுத்து, ஒரு பல் பாதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் சிரிப்பு, பேச்சு எல்லாம் உள்ளங்கைக்குள்தான். வலது கையால் எழுதுவாள், இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இரண்டு கைக்கும் வேலை வந்துவிட்டால் பேசவே மாட்டாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், ஆண்டவன் அவளுக்கு வைத்தது சாதாரண வாய் இல்லை. வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் அவளிடம் சுடச்சுடத் தயாராக இருக்கும். அதைக் கைக்குள்ளேயே முணுமுணுப்பாள். முன் பெஞ்சும் பின் பெஞ்சும் குலுங்கும். முணுமுணுத்தவள் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளையாகக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் பள்ளிப் பட்டிமன்றத்துக்குப் பேர் கேட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஐஸ் தின்று இரண்டு வருஷமாயிற்று. பல் வலித்த ராத்திரிகளுக்கு மறுநாள் எழுதிய தேர்வுகளில் மார்க் பாதாளத்துக்குப் போனது. அம்மா பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டுக் கொடுப்பாள். "ஒனக்கு மட்டுமா பிள்ள, ஊருக்கே இப்படித்தான இருக்கு" என்பாள்.

அம்மா சொன்னதில் பொய்யில்லை. அது அப்படிப்பட்ட காலம். தலைமுறை தலைமுறையாக விதவிதமான பற்பசைகளைப் பார்த்துப் பழகிவிட்ட சொத்தைக் கிருமிகள் எதற்கும் அசைவதாக இல்லை. பல்லை அடைத்தால் அடைத்ததைச் சுற்றி அரிக்கும். உறை போட்டால் உறைக்குள்ளே போய் அரிக்கும். மனுஷன் செவ்வாயில் வீடு கட்டிக் குடியேறிவிட்டான். கோவில்பட்டியில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் பல்லைக் காப்பாற்ற வழியில்லை. ஊரோ கடலைமிட்டாய் ஊர். அதைத் தின்னாதே என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் நடக்காது.

இசக்கி படித்த பள்ளிக்குத்தான் பல் வண்டி வந்தது. பஸ் நீளத்துக்கு ஒரு வெள்ளை வண்டி, உள்ளே ஆய்வுக்கூடம், சாய்வு நாற்காலி. கூடவே டாக்டர் ஃபரீதா. நாகூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், பேசும்போது கைகள் இரண்டும் சேர்ந்து பேசும்.

"கிருமியைக் கொல்லப் பாத்தோம், முடியல. அதனால கிருமியையே காவலுக்கு வச்சிட்டோம்," என்று பதினொன்றாம் வகுப்புப் பெண்களிடம் ஆரம்பித்தார். "இதுக்குப் பேரு காவல்கிருமி. சொத்தைக் கிருமிக்குச் சொந்தக்காரன்தான். அதே மாதிரி இனிப்பைத் திங்கும், ஆனா பல்லை அரிக்கிற அமிலத்தை மட்டும் கக்காது. ஒரு தடவை வாய்க்குள்ள குடியேறிட்டா, மத்ததுக்கு இடம் விடாது."

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்க மாதிரி," என்றது ஒரு உள்ளங்கை.

வகுப்பு சிரித்தது. டாக்டரும் சிரித்தார். "அதேதான்! அதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது. யாரும்மா அது?" என்று தேடினார். இசக்கி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெஸிந்தா எழுந்தாள். ஹாக்கி அணித் தலைவி. அவள் சிரித்தால் பற்பசை விளம்பரம் தோற்றுவிடும்; அந்த வகுப்பிலேயே, ஏன், அந்தப் பள்ளியிலேயே வரிசை கலையாத வெள்ளைப் பற்கள் அவளுக்குத்தான். "அப்போ எல்லாருக்கும் குடுத்துர வேண்டியதுதான டாக்டர்?"

"குடுக்கலாம். ஒரு வாய்க்கு அதை வளக்குற செலவுல இன்னொரு ஸ்கூல் கட்டிரலாம். அதனால வகுப்புக்கு ஒருத்தர்தான். உங்க எல்லாருக்கும் நாக்குல ஒரு சொட்டு விடுவேன். அதுல ஒண்ணுலதான் கிருமி, மிச்சமெல்லாம் வெறும் தண்ணி. அந்த ஒருத்தர் வாயில அது மூணு மாசத்துல உங்க ஊர் தண்ணி, சாப்பாடு எல்லாத்துக்கும் பழகிரும். அப்புறம் மத்தவங்களுக்குத் தானா ஒட்டிக்கும். ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சாப் போதும், ஒரே மிட்டாயைக் கடிச்சாப் போதும்."

"அந்த ஒருத்தி யாருன்னு சொல்லிட்டா சுளுவா இருக்கும்லா?"

"போன ஊர்ல சொன்னோம். அந்தப் பையன் வீட்டு வாசல்ல தெருவே லட்டோட வந்து நின்னுச்சு, நக்கிக் குடு, நக்கிக் குடுன்னு. பாவம், ஒரு வாரத்துக்கு அவனுக்கு நாக்குல சொரணையே இல்ல." டாக்டரின் கைகள் ஒரு நிமிஷம் அமைதியாயின. "அவங்கவங்க வாய் அவங்கவங்களுக்குச் சொந்தம். யாருன்னு நாங்க சொல்ல மாட்டோம். அவங்ககிட்டப் போய், குடுன்னும் கேக்க மாட்டோம்."

நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று மாதம் கழித்து வகுப்பில் பாதிப்பேர் வாயிலாவது காவல்கிருமி இருக்க வேண்டும். இருந்தால் எல்லாருடைய பல்லையும் வண்டியிலேயே சரிசெய்து தருவார்கள், உடைந்ததைக் கட்டி, குழியை அடைத்து, கறுப்பை எடுத்து. இல்லாவிட்டால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். காவல் இல்லாத வாயில் வேலை பார்ப்பது வீண் என்பது பல் வண்டித் தலைமையகத்தின் வாதம். சிநேகிதிகளோடு தின்பண்டம் பகிர்ந்து தின்பீர்களா, பாட்டில் பகிர்ந்து குடிப்பீர்களா என்று கேட்டார்கள். ஒருத்தி விடாமல் ஆமாம் என்றார்கள். அப்புறம் இரண்டு வாரம் கையில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அது எதை அளக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் ஏதோ கணக்குப் போட்டது, டாக்டர் சொட்டு விட்டார், வண்டி போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து வண்டி திரும்பி வந்து எல்லாருடைய உமிழ்நீரையும் சோதித்தது. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்த டாக்டரைப் பார்த்தால் பரீட்சையில் கோட்டைவிட்டவர் மாதிரி இருந்தது.

"ஒரே ஒருத்தர் வாயிலதான் இருக்கு. யாருக்குக் குடுத்தோமோ அவங்க வாயில மட்டும்." வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க பிள்ளைங்களா. நீங்க யாரும் யாருக்கும் ஒரு துண்டு மிட்டாய்கூடக் குடுக்க மாட்டீங்களா?"

பல் சொத்தை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்கள். கஞ்சப் பிசினாரிகள் என்றால் எப்படி? வகுப்பு கொதித்துவிட்டது. "எப்பிடிச் சொல்லலாம் டாக்டர்?" "தெனமும் பங்கு போட்டுத்தான் திங்கோம்!" "இப்பவே காட்டுதோம்!" ஒருத்தி பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்தாள். துப்பட்டா நுனியால் அதைச் சுற்றினாள். துணியோடு சேர்த்துக் கடைவாயில் வைத்து ஒரு கடி. நறுக்கென்று உடைந்தது. துணியை விரித்து, எச்சில் படாத துண்டை அடுத்தவளிடம் நீட்டினாள். இன்னொருத்தி பாட்டிலைத் திறந்து, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரு முழம் உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டுப் பாட்டிலைப் பக்கத்தில் தள்ளினாள்.

"பாத்தீயளா? இப்பிடித்தான் தெனமும்."

டாக்டர் ஃபரீதா மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "காக்கா கடி," என்றார். அப்புறம் சிரிக்கத் தொடங்கியவருக்கு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யா அல்லா! நாகூர்ல நானும் இதேதானே! எங்க அண்ணன் சட்டை பூரா வெல்லப்பாகு, உம்மாகிட்ட எத்தனை அடி வாங்கியிருக்கேன்! கிருமி செஞ்ச ஊர்ல ஒருத்தர் கடிச்சதை அப்படியே அடுத்தவர் கடிப்பாங்க. அவங்க போட்ட கணக்கு அது. ஆனா அந்தக் கேள்வியைத் தமிழ்ல எழுதினது நான். பகிர்ந்து திம்பீங்களான்னு எழுதினேனே, எப்படின்னு கேக்கணும்னு எனக்கு ஏன் தோணல?"

"மூணு மாசமாக் கிருமி துப்பட்டாவுலதான் குடியிருந்திருக்கு," என்றது உள்ளங்கை. "சோப்புப் போட்டுத் தொவைச்சுக் கொன்னுட்டோம்."

சிரித்து முடித்ததும்தான் டாக்டர் கெட்ட செய்தியைச் சொன்னார். வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. அதற்குள் பாதிப்பேருக்கு ஒட்டாவிட்டால் வண்டி கிளம்பிவிடும். "யாருக்கு இருக்கோ அவங்களுக்கு மட்டும் இன்னைக்கு போன்ல தகவல் வரும். இப்போ அது நல்லாப் பழகியிருக்கு, அவங்க கடிச்சதைத் தின்னா ஒரே நாள்ல ஒட்டிக்கும். ஆனா அது அவங்க இஷ்டம்."

சாயந்திரம் இசக்கியின் போன் அதிர்ந்தது. 'உங்கள் வாயில் காவல்கிருமி: உண்டு.' அவள் அதை மூன்று தடவை படித்தாள். நம்பர் மாறி வந்திருக்கும் என்று நினைத்தாள். அந்தக் கிருமிக்குப் போயும் போயும் இந்த இடிந்த வாயா கிடைத்தது?

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே வண்டிக்குப் போனாள். வாயைப் பொத்திக்கொண்டே, "டாக்டர், கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிட்டு. எங்கிட்ட இருந்து எடுத்து ஜெஸிந்தாவுக்கு வச்சிருங்க," என்றாள்.

"எடுக்க முடியாதும்மா. வாயை விட்டு வெளிய வந்து காத்துபட்டா அஞ்சு நிமிஷம் தாங்காது. குழாய்ல புடிச்சு ஊத்துற வேலையும் ஆகாது. வாயில இருந்து நேரா வாய்க்குப் போகணும்." டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இந்த மூணு மாசத்துல உனக்குப் பல் வலிச்சுதா?"

இசக்கி யோசித்தாள். இல்லை. ராத்திரியெல்லாம் நன்றாகத் தூங்கியிருக்கிறாள். கிராம்புத் தைலத்துக்கல்லவா அந்தப் பெருமையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்!

"குழி குழியாத்தான் இருக்கும், ஆனா இனிமே பெருசாகாது. சரி, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணல. அந்த வளையம் என்ன அளந்துச்சு தெரியுமா? சிரிப்பை. யாரு பக்கத்துல இருக்கும்போது மத்தவங்க அதிகமாச் சிரிக்கிறாங்கன்னு. எங்க சிரிப்பு இருக்கோ அங்கதான் மனுஷங்க ஒட்டி உக்காருவாங்க, ஒண்ணாத் திம்பாங்க. இந்த ஸ்கூல்லயே உன்னைச் சுத்திக் கேட்ட சிரிப்பு வேற யாரைச் சுத்தியும் கேக்கல." டாக்டர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "ஆனா உன் வளையத்துல உன் சிரிப்பு மட்டும் ஒண்ணுகூட இல்ல. மெஷின் கெட்டுப்போச்சோன்னு மாத்திக்கூடப் பாத்தேன்."

இசக்கிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையாகவும் இருந்தது. "நான் சொல்றதைக் கேட்டுச் சிரிக்கது வேற டாக்டர்," என்றாள். "என் எச்சியைத் திங்கது வேற."

"ஆமா," என்றார் டாக்டர். "வேறதான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவர் வேலையின் விதி. அதைக் காப்பாற்ற அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை இசக்கி பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் மனம் ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள். ஜெஸிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். இசக்கி ஆசையாகக் காக்கா கடி கடித்து, துணியை விரித்து ஒரு துண்டு நீட்டினாள். ஜெஸிந்தா அந்தத் துண்டையும் இவள் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம்ட்டி," என்று எழுந்து போய்விட்டாள். துணி சுற்றிக் கடித்ததையே வாங்காதவர்கள், துணியில்லாமல் கடித்ததை வாங்கவா போகிறார்கள்? பேசாமல் இருந்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வண்டி போய்விடும். பாதிப் பல் பாதிப் பல்லாகவே இருக்கும், மற்றவர்களுக்குச் சொத்தை சொத்தையாகவே இருக்கும். வாயைத் திறந்து சொல்லி, முப்பது பேரும் முகம் சுளித்துவிட்டால்? அதற்கப்புறம் அந்த வகுப்பில் முணுமுணுக்கக்கூட முடியாது. இருந்த ஒரு சந்தோஷமும் போய்விடும்.

வியாழக்கிழமை மதியம். சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அடுத்தது கோமதி டீச்சரின் கணக்கு வகுப்பு. கோமதி டீச்சர் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. கணக்குப் போட்டுப் போட்டு முகம் அப்படி ஆகிவிட்டது என்பது பிள்ளைகளின் முடிவு. அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். இசக்கி மிட்டாய்க் கடையில் வெட்டாத கடலைமிட்டாயைப் பெரிய பலகையாகவே வாங்கி வந்திருந்தாள். காகிதத்தைப் பிரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி வகுப்புக்கு முன்னால் போய் நின்றாள். கை காலியில்லை.

"ஏட்டி, எல்லாரும் கேளுங்க. அந்த ஒத்தைக் கிருமிக்காரி நான்தான்."

அவள் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று வகுப்புக்கு அதுவரை தெரியாது. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"நல்லாப் பாத்துக்கோங்க. இந்த வாயில இருந்துதான் வரணும், வேற வழியில்ல. பாதி இடிஞ்ச வீடுதான், ஆனா உள்ள காவக்காரன் இருக்கான். முன்பல்லால கடிக்க மாட்டேன், கடைவாய் நல்லாத்தான் இருக்கு. துணி கெடையாது. எச்சிதான், சுத்தமான எச்சி. வேணும்ங்கறவிய வாங்க. வேண்டாம்ங்கறவிய..." அதற்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை. பலகையின் ஒரு மூலையைக் கடித்து, உடைந்த துண்டைக் கையில் வைத்து நீட்டினாள்.

ஒருத்தரும் நகரவில்லை. நீட்டிய கை கனத்தது. தப்புப் பண்ணிவிட்டோம், பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்று இசக்கி நினைத்தாள்.

கடைசியில் பெஞ்சு தள்ளும் சத்தம் கேட்டது. ஜெஸிந்தா.

அவள் நேராக முன்னால் வந்து நின்றாள். துண்டை வாங்கவில்லை. "ஒரு நிமிஷம் நில்லுட்டி," என்று திரும்பி வகுப்பைப் பார்த்தாள். விரலை வாய்க்குள் விட்டு எதையோ நெம்பினாள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும், பற்பசை விளம்பரத்தைத் தோற்கடித்த அந்த நான்கும், ஒரே சட்டமாகக் கழன்று அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தன. வகுப்பே ஐயோ என்றது.

"எட்டாங்கிளாஸ் லீவுலயே நாலும் போச்சு," என்றாள் ஜெஸிந்தா. பல் இல்லாத இடத்தில் காற்று புகுந்து பேச்சு உஸ் உஸ்ஸென்று வந்தது. "அப்பா கத்தார்ல இருந்து இதை அனுப்புனாவ. மாட்டிக்கிட்டா சிரிக்கலாம், கடிக்க முடியாது. கடலைமிட்டாயைக் கடிச்சா பல்லு மிட்டாயோட போயிரும். மூணு வருஷமா உங்க முன்னால நான் ஒரு துண்டு தின்னிருப்பனா?" அப்புறம் இசக்கியைப் பார்த்தாள். "ஒன்பதாங்கிளாஸ்ல நீ குடுத்தியே, அன்னைக்கு எனக்கு எம்புட்டு ஆசையா இருந்துச்சு தெரியுமாட்டி? நீ பாட்டுக்கு அந்தப் பல்ல வச்சுக்கிட்டு நறுக்குன்னு கடிச்ச. எனக்குப் பொறாமையாப் போச்சு. அதான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

பொறாமை! இந்தப் பல்லைப் பார்த்து! இசக்கி ஜெஸிந்தாவின் வாயைப் பார்த்தாள். ஜெஸிந்தா இசக்கியின் வாயைப் பார்த்தாள். யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய் காது வரை கிழிய. இசக்கியின் சிரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று வகுப்புக்கு அன்றுதான் தெரிந்தது; ஆடு தும்முவது போன்ற ஒரு சிரிப்பு. அதைக் கேட்டே மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெஸிந்தா துண்டை வாங்கிக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

அப்புறம் கேட்கவா வேண்டும். "எனக்குட்டி, எனக்கு!" என்று மொத்த வகுப்பும் முன்னால் வந்துவிட்டது. கொட்டாவியே விடாதவள் தன் கடைவாயைத் திறந்து காட்டினாள். தலையைக் குனிந்தே பாட்டுப் பாடுகிறவள் தன்னுடையதைக் காட்டினாள். யாருக்குப் பெரிய குழி என்று போட்டியே வந்துவிட்டது. இத்தனை நாளும் இத்தனை வாய்களும் மூடியிருந்ததற்கு இதுதானா காரணம் என்று இசக்கிக்கு வியப்பாக இருந்தது. கடித்துக் கடித்துக் கொடுத்தாள். தாடை வலித்தது. வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும்.

"என்னட்டி நடக்கு இங்க?"

வாசலில் கோமதி டீச்சர். முப்பது வாயிலும் மிட்டாய். ஒரு துப்பட்டாவிலும் பாகுக் கறை இல்லை.

"எச்சி பண்ணியா திங்கிய? துணி எங்க?"

தப்பிக்க வழியில்லை. இசக்கி முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள், கிருமியை, வெள்ளிக்கிழமையை, தன் வாயை. கையில் மிட்டாய்ப் பலகை இருந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். கோமதி டீச்சர் இறுகிய உதட்டோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வராந்தாவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இது பிள்ளைகளுக்கு மட்டும்தானா? பெரியவங்களுக்கும் ஒட்டுமா?"

இசக்கிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "ஒட்டும்னுதான் நெனைக்கேன் டீச்சர்," என்றாள். "ஆனா, என் எச்சி டீச்சர்."

"அது தெரியுதுட்டி," என்று கோமதி டீச்சர் கையை நீட்டினார். "கடலை நெறைய இருக்க பக்கமாப் பாத்துக் கடி."